வளைந்தால் பாஸ், ஒடிந்தால் ஃபெயில்

மெத்தென்ற பிஸ்கட்டை ஆசைப்பட்டுச் சாப்பிடும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது என் அம்மாவுக்கு 82 வயதில்தான் தெரியவந்தது. எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் பலகாரத்தைக் காதால்தான் சோதிப்பார்கள். அச்சுமுறுக்கை ஒடித்தால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்க வேண்டும். முந்திரிக்கொத்தின் மேல்தோடு கடவாய்ப் பல்லோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் உள்ளே இருக்கும் சிறுபயற்றுப் பூரணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் டப்பா மூடியைச் சரியாக அழுத்தாமல் போனவர் யார் என்று வீட்டில் விசாரணைக் கமிஷனே உட்காரும். இப்படிப்பட்ட வீட்டில் வந்திறங்கிய என் மகள், பெங்களூர்ப் பையைக்கூட இறக்கி வைக்காமல், “இந்த கிறிஸ்துமஸுக்கு நான் சாஃப்டா சுக்கு பிஸ்கட் பண்ணப்போறேன் பாட்டி” என்றாள்.

“சாஃப்டுன்னா?”

“மெத்துன்னு. வளைச்சா ஒடியக்கூடாது, வளையணும்.”

“நமுத்துப் போன பிஸ்கட்டு. அத எதுக்கு மெனக்கெட்டுச் செய்யணும் மக்களே? கடையில வாங்கித் தொறந்து வச்சாப் போதும்லா.”

கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அவள் இப்போது வீகனாம். அதை அம்மாவுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கறி, மீன் கிடையாது என்றேன். புரிந்தது, தவக்காலத்தில் அவளே அப்படித்தான் இருப்பாள். முட்டை கிடையாது. சரி. பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. இங்கே முகம் சுருங்கியது. இங்கிலாந்தில் 1944-ல் டொனால்டு வாட்சன் என்று ஒருவர், நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு இதற்கென்று சங்கம் வைத்தார், பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்றேன். “ஆசாரியா?” என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸே ஒரு தச்சர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் என்பதால் அந்தத் தொழில்மீது அவளுக்குத் தனி மரியாதை. வாட்சன் 95 வயதுவரை இருந்தார் என்றதும் பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டது.

தேனில்தான் மறுபடி மாட்டிக்கொண்டோம். மார்த்தாண்டத்துச் சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தேன் பாட்டில் கொடுத்தனுப்புவார்கள். அந்த ஊரில் 1920-களில் தேனீப் பெட்டி வைத்து வளர்க்கச் சொல்லிக்கொடுத்ததே ஒய்.எம்.சி.ஏ.தான். சபைக்கார வீட்டுக்கு இது கிட்டத்தட்ட ஞானஸ்நானம் பெற்ற தேன். அதையும் தொட மாட்டேன் என்றாள் மகள்.

“தேனீ அத நமக்குன்னு சேத்து வைக்கல பாட்டி.”

“மாடு சாணி போடுறதுகூட நமக்குன்னு இல்ல. நாம வாரல்லியா?”

இந்த வாதத்துக்கு வாட்சன் என்ன பதில் வைத்திருந்தாரோ, என் மகளிடம் இல்லை. தேன் பாட்டில் அலமாரிக்குப் போனது. ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. தன் பலகாரப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். முந்திரிக்கொத்து? சிறுபயறு, சர்க்கரை, தேங்காய், அரிசிமாவு, பொரிக்க எண்ணெய். வீகன். அதிரசம்? அரிசிமாவு, பாகு, சுக்கு, ஏலக்காய். நெய் தடவாதவரை வீகன். பொரிவிளங்காய்? வீகன், பல்லுக்குப் பாதுகாப்பில்லை என்றாலும். அச்சுமுறுக்கில் மட்டும் முட்டை குறுக்கே வந்தது. “அறுவது வருசமா இதத்தான் சுட்டுக்கிட்டு இருக்கேன். ஒருத்தனாவது சங்கம் வச்சானா?” என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நெய்யும் வெண்ணெயும் முட்டையும் நம் வீட்டுப் பண்டிகைக்குள் இவ்வளவு தாராளமாக வந்தது பேக்கரி பெருகிய பிறகுதான் என்பது என் கட்சி. இதை என் மனைவியிடம் சொன்னபோது, கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து பேசுங்கள் என்றாள்.

முட்டைக்குப் பதில் என்ன? கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும் என்பதை 2014-ல் ஜொயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர் அதற்கு அக்குவாஃபாபா என்று பெயர் சூட்ட, உலகம் முழுக்க அதைப் போற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் மிஞ்சினால்தானே? புட்டுக்கு வைக்கும் கடலைக்கறியின் சாறே அதுதான். “கடலத் தண்ணிய பிஸ்கட்டுல ஊத்திட்டா புட்ட எதுல நனைச்சுத் திம்ப?” என்று அம்மா கேட்டதோடு அக்குவாஃபாபா அத்தியாயம் முடிந்தது. ஆளி விதைதான் கதி. ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் வெண்டைக்காய்ப் பக்குவத்துக்கு வழவழத்து, மாவைப் பிடித்து வைக்கிற வேலையை முட்டையின் இடத்தில் செய்துவிடுகிறது.

எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா சுக்கு இடிப்பது. சுக்கு என்பது இஞ்சி தன் இளமைக்காலத்தை மறந்துவிட்டு எடுக்கும் கடினமான முடிவு. மிக்ஸி பிளேடே அதைப் பார்த்துத் தயங்கும். இடிகல்லில் போட்டு இடித்து, சலித்து, சலித்ததில் தங்கியதை மறுபடி இடித்து முடிப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சுற்றுத் தும்மல். கிராம்பு பிரச்சினையில்லை. மாறாமலைக் கிராம்பு எங்கள் மாவட்டத்துச் சரக்கு. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நாலு போதும், ஐந்தாவதைப் போட்டால் பல் டாக்டர் அறை வாசனை வந்துவிடும். பட்டையில்தான் மகள் கறாராக இருந்தாள். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. 2006-ல் ஜெர்மனியில் பண்டிகைப் பட்டை பிஸ்கட்டுகளில் இது கூடுதலாக இருக்கிறது என்று பெரிய பரபரப்பே ஆனது. இலங்கைக் கருவாப்பட்டையில் கூமரின் மிகக் குறைவு. சுருட்டிய காகிதம் மாதிரி மெல்லிசாக, அடுக்கடுக்காக இருக்கும். ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடிக்காக நான் கோட்டாறு கடைத்தெருவில் பட்டையை உருட்டி உருட்டிப் பார்த்ததில், கடைக்காரர் என்னை நாட்டு வைத்தியர் என்று முடிவு கட்டிவிட்டார். மூட்டு வலிக்கு என்ன போடலாம் என்று கேட்டார்.

வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாமே கரும்பாலைக் கழிவுப்பாகான மோலாசஸைக் கேட்கும். கருப்பட்டி விளையும் மாவட்டத்தில் அதைத் தேடிப் போவது வெட்கக்கேடு. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டினோம். மணலும் தும்பும் தங்கின. கூடவே இரண்டு எறும்பு. இங்கே ஒரு தத்துவ நெருக்கடி. எறும்பு கிடந்த பாகு வீகனா? மகள் கொஞ்ச நேரம் யோசித்து, வேண்டுமென்று போட்டால்தான் குற்றம், தானாக வந்து விழுந்தால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். உயர்நீதிமன்றம்கூட இவ்வளவு வேகத்தில் சொல்லாது.

கருப்பட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. மோலாசஸில் லேசான புளிப்பு இருப்பதால் ஆப்பச்சோடா அதோடு சேர்ந்து பொங்கி மாவை உப்ப வைத்துவிடும். பதநீரையோ புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குகிறார்கள். அதனால் கருப்பட்டியின் புளிப்பை நம்பிச் சோடாவைப் போட முடியாது. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் விஷயம் முடிந்தது. விடாவிட்டால் பிஸ்கட்டில் சோப்பு வாடை அடிக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். எங்கள் ஊர் டிசம்பர் பகலில் அதற்கு அந்த எண்ணமே வராது. இளகிய எண்ணெயில் பிசைந்த மாவைத் தட்டில் வைத்தால், சூட்டில் ஒன்றோடொன்று உறவு கொண்டாடி ஒரே சப்பாத்தியாகிவிடும். எனவே இரண்டு கப் மைதா, முக்கால் கப் கெட்டிப் பாகு, அரைக் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய், ஆளி விதை, ஒரு தேக்கரண்டி சோடா, இரண்டு தேக்கரண்டி சுக்கு, மற்ற சாமான்கள், ஒரு சிட்டிகை மிளகு என்று பிசைந்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, 175 டிகிரியில் பத்து நிமிஷம்.

அந்தப் பத்தாவது நிமிஷத்தில்தான் யுத்தம் மூண்டது. மெத்தென்று வர வேண்டுமானால் ஓரம் இறுகி, நடுப்பகுதி வேகாதது போல் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துகொள்ளும். மகள் எடுத்தாள். அம்மா ஒன்றை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது.

“வேகல்ல.”

“வெந்திருச்சு பாட்டி. ஆறட்டும்.”

“எண்ணச் சட்டியில எத்தன வருசம் நிக்கேன், எனக்குத் தெரியாதா?”

ஆறின. வளைத்தால் வளைந்தன. நடுவில் வெடித்த கோடுகளிலிருந்து சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. இதே ஜாடையில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் லெப்குக்கன் என்று ஒரு கிறிஸ்துமஸ் பிஸ்கட் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1996-லேயே ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்த பண்டம். நம் மலபார்க் கரையிலிருந்து போன இஞ்சியும் மிளகும் வெனிஸ் வழியாகத்தான் அந்த ஊர் வியாபாரிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. (அந்தக் காலத்தில் அதை உப்ப வைக்க மான் கொம்பை எரித்து எடுத்த உப்பைச் சேர்ப்பார்களாம். இதை மகளிடம் சொல்லவில்லை.) அங்கே குளிர்காலக் காற்று காய்ந்து கிடப்பதால், பிஸ்கட் இறுகாமலிருக்க டப்பாவுக்குள் ஆப்பிள் துண்டு போட்டு மூடி வைக்கிறார்கள். எங்களுக்கு ஆப்பிள் எதற்கு? கருப்பட்டி காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். டிசம்பரில் எங்கள் ஊர்க் காற்றில் அது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, அதுவும் இலவசமாக. இத்தனை காலமாக எந்தக் காற்றுக்குப் பயந்து டப்பாவை அழுத்தி மூடினோமோ, அதையே இப்போது ஒரு சேர்மானமாகக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

மகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் அம்மா நடவடிக்கையில் இறங்கினாள். பேத்தி வெளியூரில் கஷ்டப்பட்டு வேலை பார்ப்பவள், முதல்முறையாக ஒரு பலகாரம் செய்து அது நமுத்துப் போய்விட்டது, நாலு பேர் பார்ப்பதற்குள் சரிசெய்து கொடுப்போம் என்ற கருணைதான் காரணம். மொத்தப் பிஸ்கட்டையும் ஓவனுக்குள் தள்ளி, குமிழைத் தன் மனசு சொன்ன இடத்தில் திருப்பி வைத்தாள். மகள் எழுந்து வந்தபோது, அம்மா ஒன்றை எடுத்து அவள் காதருகே பிடித்து ஒடித்துக் காட்டினாள். நல்ல சத்தம். முற்றத்தில் இருந்த எனக்கே கேட்டது.

“இப்பம் எப்பிடி?” என்றாள் பெருமையாக.

மகள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். நான் ஒன்றை எடுத்துக் கட்டன்சாயாவில் முக்கிச் சாப்பிட்டேன். பிரமாதம். அதை வாய்விட்டுச் சொன்னதால் இரண்டு பக்கமும் எதிரியானேன். அடுத்த ஈடு வெந்து, ஆறி, பொட்டலம் கட்டும்வரை மகள் அடுப்படியைவிட்டு நகரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும். எதிர்வீட்டு ஆச்சி கடும் சைவம். எங்கள் கேக்கில் முட்டை உண்டென்பதால் அவர்களுக்கு மட்டும் வருஷா வருஷம் ஆப்பிளும் ஆரஞ்சும்தான், ஏதோ ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்களைப் போல. இந்த வருஷம்தான் அடுப்பில் வெந்த ஒன்று அந்த வீட்டுப் படியேறியது. முட்டை இல்லை, பாலும் இல்லை என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஆச்சி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். “சுக்கு, கருப்பட்டி, கிராம்பு, நல்லமிளகு. இது சுக்குக் காப்பில்லா? நெஞ்சுச் சளிக்கு நல்லது.” மெத்தென்று இருந்ததுபற்றி ஒரு புகாரும் இல்லை. ஆச்சிக்கு மேல்வரிசையில் பல் கிடையாது.

பண்டிகைத் தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. மறுநாள் அது வந்தபோது நிறைய மைசூர்பாகு. அடியில் விரித்த காகிதம் நெய்யில் ஊறிக் கண்ணாடியாகியிருந்தது. கொண்டுவந்த பேரன் ஒப்பித்தான்: “அக்கா பெங்களூர்ல காஞ்சு போய்க் கெடக்காளாம், நெய் கூடுதலா விட்டிருக்குன்னு ஆச்சி சொன்னா. பொறவு அந்தச் சளி பிஸ்கட்டு மிச்சமிருந்தா ஒரு பத்து வேணுமாம். ராத்திரி நல்லா ஒறங்குனாளாம்.”

மகள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஆளி விதையை எடுக்கப் போனாள். “ஏ மக்களே, சுக்கு தீந்து போச்சு, ஒங்கப்பன இடிக்கச் சொல்லு” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.