செத்தவர் பணம்

லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959இல் பிராட்வேயில் மேடையேறிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தில் முக்கியப் பாத்திரம் செத்துப்போன அப்பாதான். இருந்தவரை உழைத்தார், இறந்ததும் 10,000 டாலர் காப்பீட்டுத் தொகையாகிவிட்டார்.

சிகாகோவில் அந்தக் குடும்பத்தின் இடுக்கமான வீட்டுக்குச் செக் வந்து சேருமுன்பே செலவாகத் தொடங்குகிறது. மகன் வால்டர் கண்ணுக்கு அது மதுக்கடை. மகள் பெனீத்தாவோ பணம் அம்மாவுடையது என்பாள் (டாக்டர் படிப்புச் செலவு தனிக்கணக்கு!). அம்மா 3,500 கட்டி, வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள். மீதி 6,500ஐ வாங்கிய வால்டர், அதில் தங்கை படிப்புக்கு ஒதுக்கிய 3,000ஐயும் சேர்த்தே கூட்டாளி வில்லியிடம் நீட்ட, வில்லி கம்பி நீட்டுகிறான். பணத்தைப் பற்றித் துளிக் குழப்பமும் இல்லாதவன் அவன் ஒருவன்தான். அவனோ மேடைக்கே வருவதில்லை.