ஷகர காலம்: மலையகப் பெயரியலில் ஒரு முன்னாய்வு

தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு இடப்படும் பெயர்கள் மூன்று காலங்களாகப் பகுக்கப்படும். முதலாவது குலசாமிக் காலம். கருப்பையா, மாரியாயி, பழனியாண்டி, மூக்கன் ஆகியவை இதன் சான்றுகள். முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றோ குப்பாயி என்றோ பெயரிட்டால் எமன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்பது துணிபு (பாட்டி, வாய்மொழி). இரண்டாவது சினிமாக் காலம், 1917இல் எம்.ஜி.ஆர். பிறந்ததே நாவலப்பிட்டியில் என்பதால் மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவதான ஷகர காலமே இக்கட்டுரையின் பொருள். டிலக்ஷன், லக்ஷிகா, கபிஷன், யதுஷிகா என வரும் இப்பெயர்களில் ஷகரம் இல்லாத ஒன்றைக் கண்டால் எழுதியவரின் கைப்பிழை எனக் கொள்க. பொருள் தேடுவது முறையன்று. பொருள் யாதெனக் கேட்கப்பட்ட தாய்மார் 'ஸ்டைலா இருக்குல்ல?' என்று எதிர்வினா எழுப்பினர். வற்புறுத்தியபோது படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டனர்.

பெயர் டகரத்தில் தொடங்கலாமா என்பது பெருஞ்சிக்கல். ட சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியத்தின் முடிவு. பஞ்சாங்கமோ ஆயிலியத்தின் நான்கு பாதங்களுக்கும் டி, டு, டே, டோ என்றே எழுத்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஆயிலியத்தில் பிறந்த பிள்ளை இலக்கணப்படி பெயரற்றும் சோதிடப்படி டிலக்ஷனாகவும் இருக்கக் கடவது. தோட்டத்துக் கோயிலில் இருப்பது பஞ்சாங்கம் மட்டுமே. தொல்காப்பியர் ஹட்டன் வரை ஏறி வந்ததற்குச் சான்றில்லை. வடவெழுத்தைக் கண்டித்து ஆய்வரங்குகளில் முழங்கும் பேராசிரியர்களை இங்கு மேற்கோள் காட்டியிருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டறிந்தபின் நாகரிகம் கருதி அது தவிர்க்கப்பட்டது.

இனி உடன்பிறப்பு விதி. மூத்தவன் டிலக்ஷன் எனின் அடுத்தவள் டிலக்ஷனா, அதற்கடுத்தவள் டிலக்ஷிகா, எதிர்பாராமல் நான்காவது வரின் டிலக்ஷிதன் என்மனார் பாட்டிமார். தங்கை ரோகிணியில் பிறந்து வகரத்துக்கு உரியவளாயினும் அண்ணனின் டகரமே வலிது. இவ்விதி லயத்துச் சுவரைக் கடந்தும் செல்லும். முதற் காம்பராவில் டிலக்ஷி பிறந்த ஆண்டே நான்காங் காம்பராவில் திலக்ஷி பிறப்பாள். இது களவு என்பது ஒரு சாரார் கொள்கை (அத்தை, 'பீலிக்கரைப் பேருரைகள்', முதற்குடம் நிரம்பும்வரை). 'தி' வேறு 'டி' வேறு, ஆகவே களவன்று என்பது மறுதரப்பு (மாமியார், 'அத்தைக்கு மறுப்பு', திருத்தி விரித்த பதிப்பு, கீழ் லயம்வரை கேட்டது). இரு தரப்பும் டிவியில் வந்த நாடகத்திலிருந்தே பெயரை எடுத்தன என்பது மூன்றாம் கொள்கை (பிள்ளைக்காம்பரா ஆயா, 'இரு நூல்களுக்கும் பொதுவுரை', தொட்டிலாட்டியபடி அருளியது, இடையில் ஒரு குழந்தை அழுததால் முற்றுப்பெறாதது).

மண்ணுக்குப் பொருந்தாத பெயர் என்ற குற்றச்சாட்டு நில்லாது. பூண்டுலோயாவில் டன்சினன், தலவாக்கலையில் ஹோலிரூட் என்று ஸ்கொட்லாந்துப் பெயர்களை மலைகளுக்குச் சூட்டிய துரைமார் எந்த நட்சத்திரமும் பார்க்கவில்லை.

ஷகரப் பெயர் கூப்பிடுவதற்கன்று, எழுதப்படுவதற்கே என்பது இவ்வாய்வின் முடிவு. கூப்பிடும் பெயர் வேறு. அது கடைசியில் கூறப்படும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பாட்டனுக்கும் தகப்பனுக்கும் பத்திரம் வாய்க்காத வீட்டில், பேரனின் பத்திரத்தில் ஒரு ஷகரம் கூடுதலாக ஏறுவதை ஊதாரித்தனம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அப்பெயர் உடைவதும் பத்திரத்திலேயே. பிறப்புப் பத்திரத்தில் சிங்கள எழுத்தில் விழுந்து திலக்ஷான் ஆகிறது. பள்ளிக்கூட இடாப்பில் டிலக்சன். அடையாள அட்டையில் தகப்பன் பெயரையும் சுமந்து கருப்பையா டிலுக்ஷன். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது இம்மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரனும் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் வீழ்த்தியவருமான முத்தையா முரளிதரனுக்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் உலவின. அவர் விரும்பியது ஒன்று, ஸ்கோர் பலகைகள் நெடுங்காலம் எழுதியது மற்றொன்று.

எண்சோதிடப் பெயர்கள்: மேற்படியே, ஒரு எழுத்து இரட்டிக்கும்.

கூப்பிடும் பெயர்கள்: ஆணாயின் தம்பி, பெண்ணாயின் பாப்பா. விதிவிலக்குக் கிடைக்கவில்லை.