வாசக்கேட்டு துருவுக்கு பீரங்கியா லே?

லே பேராண்டி, வாசக்கேட்டுல துரு ஏறிட்டாம். அதுக்கு மணல் பீச்சுத மிஷின் வாங்கப் போறியாம். சாண்ட் பிளாஸ்டிங்! போன்ல வீடியோ பாத்திருப்ப. ஒருத்தன் துப்பாக்கியப் பிடிக்கான், சர்ருனு அடிக்கான், செங்காவியா கெடந்த இரும்பு வெள்ளையா வெளிய வருது. ஒனக்குக் கை துறுதுறுங்குது. சரி, வாங்கு. நான் வேண்டாம்னா சொன்னேன்? ரெண்டு மூணு கேள்வி கேட்டுக்கிடுதேன், அம்புட்டுதான்.

தூத்துக்குடி உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்காம மல்லிப்பூவா பூக்கும்? துரு எம்புட்டு ஆழத்துக்குப் போயிருக்குன்னு பாத்தியா நீ? சுத்தியல எடுத்து கேட்டோட அடிக்கம்பில ஒரு தட்டு தட்டு. ணங்குனு கேட்டா உள்ள இரும்பு இருக்கு. சொத்துனு கேட்டா, திருப்புளி மொனைய வச்சு ஒரு அமுக்கு அமுக்கு. உள்ள போயிருச்சா? அங்க மணலடிச்சு என்ன செய்ய? ஓட்டைதான் பெருசாவும். வெல்டிங்காரனக் கூப்பிட்டு அந்தத் துண்டை மாத்து, சோலி முடிஞ்சுது.

இப்பம் மிஷினுக்கு வாரேன். நீ துப்பாக்கி வெலையத்தான பாத்த? அது சல்லிசு. அதுக்குக் காத்து எவன் குடுப்பான்? சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்னு சும்மாவா சொன்னான்? துப்பாக்கி மூக்குல ஓட்டை ஒரு நூலுன்னு வையி. 100 பவுண்டு அழுத்தத்துல அது நிமிசத்துக்கு 20 கன அடி காத்து குடிக்கும். வீட்டுக்குன்னு விக்கான் பாரு, 2 எச்.பி. கம்ப்ரசரு, அது தாரது ஏழெட்டு கன அடி. பெட்டியில கூடத்தான் போட்டிருப்பான். அது பிஸ்டன் தள்ளுத கணக்கு. குழாய் வழியா வெளிய வாரது அதுல கொறைச்சல். அப்பம் என்ன ஆவும்? பத்து எண்ணுத வரைக்கும் வீரமா அடிப்ப. பொறவு டாங்கி நெறையுத மட்டும் வேடிக்கை பாத்துட்டு நிப்ப. இப்பிடியே அடிச்சா கேட்டு முடிய பொங்கல் வந்துரும்.

இன்னும் கேளு. மணல் போவப் போவ மூக்கும் தேயும். செராமிக் மூக்குன்னா சில மணி நேரந்தான். ஒரு நூல் ஓட்டை ஒன்றரை நூலாச்சுன்னா 20 கன அடி கேட்டது 45 கேக்கும். பெரிய கம்ப்ரசரு வாங்கலாம்பியா? 5 எச்.பி.க்கு த்ரீ பேஸ் வேணுமே. உங்க அப்பன்கிட்ட இதச் சொல்லிட்டியா?

கடக்கரை ஊரு வேற. காத்தை அமுக்குனா அதுல இருக்க ஈரம் தண்ணியா எறங்கும். தண்ணி வடிக்கக் குப்பி மாட்டலைன்னா மணல் கட்டி தட்டி மூக்கை அடைச்சுக்கிடும். நீ திருகிக் கழத்தி, ஊசி விட்டுக் குத்தி, ஊதி, திரும்ப மாட்டி... வீடியோவுல இதக் காட்டினானா அவன்?

கண்ணாடி வச்ச பெட்டி ஒண்ணு விக்கானே, கைய உள்ள விட்டு அடிக்க மாதிரி? நட்டு போல்ட்டு, பைக் சாமானுக்கு அது நல்ல சாதனந்தான், கொறை சொல்ல மாட்டேன். ஒன் கேட்டு அதுக்குள்ள போவுமா?

வெளாட்டை வுடு. மணலுக்கு வருவோம். ஆத்து மணல் சும்மா கெடக்குன்னு அள்ளிப் போட்டுராத. இந்த வித்தைய அமெரிக்காக்காரன் டில்மன் 1870-ல காப்புரிமை வாங்கி ஆரம்பிச்சு வச்சான். அதுல இருந்து எத்தனை பேரு நெஞ்சு போச்சு தெரியுமா? மணல்ல இருக்க சிலிக்கா ஒடைஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூளாவும். அது நெஞ்சுல போயி ஒக்காந்தா சிலிக்கோசிஸ். கொணமாக்க மருந்து கெடையாது. துருக்கியில புது ஜீன்ஸைப் பழசாக்கிக் காட்டணும்னு மணல் அடிச்சானுவ. அடிச்ச பையன்மாருக்கு மூச்சு நின்னுச்சு. 2009-ல அந்த அரசாங்கம் தடை போட்டுது. புதுசைப் பழசாக்கவும் மணலு, பழசைப் புதுசாக்கவும் மணலு. நல்லா இருக்குடே ஒங்க நாகரிகம்! நீ மூஞ்சில கைக்குட்டையக் கட்டிக்கிட்டு நிப்ப. தூளு ஒன் கைக்குட்டைக்குக் கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போவுமாக்கும்?

வெவரமானவன் கார்னெட் மணல் போடுதான். அதுல அந்த சிலிக்கா ரொம்பக் கொறைவு, சலிச்சு மறுபடியும் போடலாம். நம்ம கடக்கரையில செவப்பா கோடு கோடா கெடக்கே, அதுல இருந்து எடுக்கதுதான். அதுக்காவ சாக்கைத் தூக்கிட்டுக் கெளம்பிராத. 2013-லயே அரசாங்கம் அதை அள்ளக்கூடாதுன்னுட்டு. அள்ளினாலும் உப்போட வரும், உப்பை அடிச்சா துருவா போவும்?

கேட்டுல பழைய பெயின்ட் இருக்குல்லா? பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கப்படாதுன்னு இங்க சட்டம் வந்ததே 2017 நவம்பர்லதான். உங்க தாத்தன் அடிச்ச பெயின்ட்டுக்கு அந்தச் சட்டம் தெரியுமா? நீ பீச்சி அடிச்சா அது பறந்து மேலவீட்டு ஆச்சி காயப்போட்ட வத்தல்ல எறங்கும். பொறவு ஆச்சி ஒம்மேல எறங்குவா.

ஒத்தைக் கேட்டுக்கு என்ன வேணும்? மொதல்ல நல்ல தண்ணிய ஊத்திக் கழுவு, உப்பு போவட்டும். கம்பி பிரஷ் ஒண்ணு, உப்புத்தாள் நாலு. பெயின்ட் மேல தண்ணி தொட்டுத் தேயி, தூசி பறக்காது. தொடைச்சு நல்லாக் காயவிட்டு, அன்னைக்கே ரெட் ஆக்சைடு அடிச்சுரு. நாளைக்குப் பாப்போம்னு போட்டா விடியக்குள்ள மறுபடி செவந்துரும். மிஷின்ல அடிச்ச இரும்பு இன்னும் வெரசாச் செவக்கும். மாடி கிரில்லு, ஜன்னலு எல்லாத்தையும் சேத்துச் செய்யணுமா? கழத்தி வண்டியில ஏத்தி பட்டறைக்கு அனுப்பு. சதுர அடிக்கு இம்புட்டுன்னு பேசுவான், காத்து ஊதுத தொப்பி போட்டு அவன் அடிப்பான்.

என்னது, கம்ப்ரசருக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்துட்டியா? சவத்த விடு. கொண்டாந்து வாசல்ல வையி. தெருவுல முப்பது பைக் நிக்கி, டயருக்குக் காத்தடிச்சாவது துட்டு பாரு. எஞ் சைக்கிளுக்கு மட்டும் ஓசி, சரியா?