சந்தடியின் நடுவே சாந்தி

கே: கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் சின்னக் குழந்தையோடு அமைதியாக உட்கார இடம் உண்டா? அல்லது அமைதிக்குத் தனி டிக்கெட்டா?

ப: நுழைவுச் சீட்டிலேயே அதுவும் அடக்கம்! 1955-இல் திறக்கப்பட்ட அந்த உல்லாசபுரியில், ஜனசமுத்திரம் முழுவதும் கோட்டையின் பிரதான வாயிலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்க, அதன் வலப்புறத்தில், தன் கதையில் வரும் குள்ளர்களின் உயரமே கொண்ட ஸ்நோ ஒயிட் சிலை சிற்றருவியின் உச்சியில் நிற்கும் சோலையும், அதனருகே வரம் கேட்கும் கிணறும் பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கின்றன. அங்குள்ள மெயின் ஸ்ட்ரீட் என்னும் வீதியின் கோடியில், பால் புகட்டவும் துணி மாற்றவும் வசதிகள் அமைந்த குழந்தைப் பராமரிப்பு நிலையமும் உண்டு.

குழந்தை அழத் தொடங்குவதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள்; ராட்டினம் நாளையும் சுற்றும், குழந்தையின் தூக்கம் காத்திராது.