வேவர்லியில எறங்குனேன்மா

நியூகாசில்,
20.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். போன்ல பேசுனா "சாப்டியா, குளிருதா, சுவெட்டர் போட்டியா" இந்த மூணுலயே டேட்டா முடிஞ்சிடுது. அதனாலதான் கடிதம். உங்க கண்ணாடி ஒடஞ்சு கெடக்குன்னு சின்னவ சொன்னா. அவளே வாசிச்சுக் காட்டட்டும். (அடியே, எதையும் விட்டு வாசிக்காத. உன் சொந்தச் சரக்கையும் சேர்க்காத.)

இங்க பெருசுகளைக் குளிப்பாட்டி, மருந்து குடுத்து, சோறூட்டுற வேலை. லீவு நாளெல்லாம் தூங்கியே கழியும். போன புதன்கிழமை மட்டும் மனசு கேக்காம எடின்பரோ பார்க்கப் போனேன், தனியா. "பொட்டப்புள்ள தனியாவா?"ன்னு இப்ப எழும்பி நிப்பீங்க. உக்காருங்கம்மா. ரயில்ல ஒன்றரை மணித்தியாலந்தான். பக்கத்து சீட்டுப் பாட்டி அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசல. நம்ம ரயிலா இருந்தா நாவலப்பிட்டி வர்றதுக்குள்ள எனக்கு மாப்பிள்ளையே பார்த்து முடிச்சிருப்பாங்க.

ரயில் நிக்குறதுக்கு முன்னாடியே கூத்து ஆரம்பிச்சிருச்சு. "அடுத்தது வேவர்லி"ன்னு அறிவிச்சாங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பதறி எழும்பிட்டேன். வேவர்லின்னா நமக்கு அக்கரபத்தனைத் தோட்டம் ஆச்சே! எறங்கி மேல ஏறுனா பெரிய ஹோட்டல், பேரு பெல்மோரல். அதுவும் அக்கரபத்தனைதான். இன்னொரு தெருக்கோடியில ராஜாவோட அரண்மனை, பேரு ஹோலிரூட். தலவாக்கலை ஹோலிரூட்ல நம்ம சின்னம்மா இருக்காங்க. அதையெல்லாம் விடுங்க, ஊரு பேரே எடின்பரோதானே? நானுஓயாவுல எடின்பரோ தோட்டம் இருக்கே! இவ்வளவு காசு செலவழிச்சு, கடல் தாண்டி வந்து, கடைசியில நான் நம்ம பக்கத்துத் தோட்டங்களைத்தான் சுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

வேவர்லிங்கிறது வால்டர் ஸ்கொட்னு ஒருத்தர் எழுதுன கதைப் புத்தகத்தோட பேராம். அதைத்தான் ஸ்டேசனுக்கு வச்சிருக்காங்க. நம்ம மலைக்கும் ஏதோ ஒரு தொரை, புத்தகத்தை வாசிச்ச கையோட வச்சிருப்பாரு. கதை எழுதுன அந்த மனுசனுக்கு ஸ்டேசன் பக்கத்துலயே 200 அடியில கல்கோபுரம். புகை பிடிச்சு நம்ம குசினிச் சுவர் மாதிரி கறுத்துப் போயிருக்கு. உள்ள 287 படி. கீழே வெள்ளைச் சலவைக்கல்லுல அவரு உக்காந்திருக்காரு, காலடியில அவரு நாயி. நாய்க்குப் பேரு கூட இருக்கு, மைடா.

பெல்மோரல் ஹோட்டல் கோபுரத்துல ஒரு கடிகாரம். அது எப்பவும் மூணு நிமிசம் முன்னாடிதான் ஓடும். ரயிலுக்குப் போறவங்க பிந்திடக் கூடாதுன்னாம். டிசம்பர் 31 ராத்திரிக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வைப்பாங்களாம். இதைப் போயி ஒரு வழிகாட்டி, கூட வந்தவங்களுக்கு அதிசயமாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நம்ம அப்பா பெரட்டுக்குப் பிந்தக் கூடாதுன்னு வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிசம் முன்னாடி வச்சிருந்தாரு. அவரைப் பார்க்க எந்த வெள்ளைக்காரனும் வரல.

எடின்பரோ கோட்டைக்கு டிக்கெட் 20 பவுண்டுக்குக் கிட்ட. மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்தேன், உங்களுக்கு ஆறு நாள் பேரு, ஆறு நாள் சம்பளம். வாசல் வரைக்கும் இனாம்ங்கிறதால வாசலை நல்லா, ரொம்ப நேரம் பார்த்தேன். அங்கயே ஒரு கல்லுல உக்காந்து, கட்டிக்கிட்டுப் போன ரொட்டியைப் பிரிச்சேன். முதல் வாய் வைக்கிறேன், 'டொம்'முன்னு தலைக்கு மேல வெடிச்சுது பாருங்க! ரொட்டி ஒரு பக்கம், சம்பல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடல்ல நிக்கிற கப்பலுங்க நேரம் பார்த்துக்கிறதுக்காக 1861ல ஆரம்பிச்ச பீரங்கியாம். ஞாயித்துக்கிழமை, பெரிய வெள்ளி, நத்தார் தவிர தெனமும் பகல் ஒரு மணிக்கு வெடிப்பாங்களாம். ஏன் 12 மணிக்கு வெடிக்கலன்னு கேட்டேன். "12 மணின்னா 12 குண்டு செலவாகுமே"ன்னு ஒரு தாத்தா கண்ணடிச்சாரு. அசல் கணக்கப்பிள்ளை புத்தி.

சம்பல் போன துக்கத்துல ஒரு கடைக்குள்ள நுழைஞ்சு தேத்தண்ணி கேட்டேன். 3 பவுண்ட் 20. நம்ம காசுக்கு 1,300 ரூபாம்மா! உங்க 1,350 சம்பளத்துல ஒரு நாள் முழுக்க மலை ஏறி எறங்குனா இந்த ஒரு கோப்பையைக் குடிச்சிட்டு, மிச்சம் 50 ரூபாயோட வீட்டுக்கு வரலாம். சுடுதண்ணியில நூல் கட்டுன பொட்டலம் ஒண்ணு மிதக்குது. அதை வச்சுட்டு அந்தப் பொண்ணு ரொம்ப அன்பா, "நாலு நிமிசம் விடுங்க, அப்பதான் சாயம் எறங்கும்"னு எனக்குச் சொல்லித் தர்றா! தோட்டத்துப் புள்ளைக்காம்பராவுல வளர்ந்தவளுக்கு! தலையை ஆட்டிட்டு, நாலு நிமிசம் காத்திருந்து குடிச்சேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. தோட்டத்துல மாசம் தர்ற தேயிலையில ஒரு கால் கிலோ அனுப்பி வைங்க.

ஹோலிரூட் அரண்மனைக்கும் டிக்கெட்டுதான். கம்பிக்கு வெளிய நின்னு பார்த்தேன். சின்னம்மாவோட ஹோலிரூட்ல டிக்கெட்டும் இல்ல, போனா சோறு போடாம விடவும் மாட்டாங்க. எதிர்த்தாப்புல ஸ்கொட்லாந்து பார்லிமெண்ட். அங்க உள்ள போகக் காசு இல்ல. பையை எல்லாம் சோதிச்சுட்டு மரியாதையா விட்டாங்க. நானும் கக்கூசுக்குப் போயிட்டு மரியாதையா வெளிய வந்துட்டேன்.

அரண்மனைக்குப் பின்னால ஒரு மலை, ஆர்தர்ஸ் சீட். 251 மீட்டர். ரெண்டு கையிலயும் கம்பு, முதுகுல தண்ணிப் பை, அரை லட்ச ரூபா பெறுமதியான சப்பாத்துன்னு ஆளுங்க மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுறாங்க. நம்ம மேமலைக்குக் கொழுந்துக் கூடையோட ஏறுற ஏத்தத்துல பாதிகூட இல்ல. நான் விறுவிறுன்னு ஏறுறதைப் பார்த்துட்டு ஒரு அம்மா, "நீ மலை ஏறிப் பழகினவளா?"ன்னு கேட்டாங்க. "நான் பொறந்ததே நாலாயிரம் அடிக்கு மேல"ன்னேன். நம்பல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, பிரித்தானியாவுலயே ஒசந்த மலை பென் நெவிஸ், 4,413 அடின்னு. அதாவது இந்த நாட்டு உச்சியில நிக்கிறதும் ஹட்டன் ஸ்டேசன்ல பொடி மெனிக்கே ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே ஒசரம். சிவனொளிபாதத்தைப் பத்திச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். பாவம், மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாங்க, விட்டுட்டேன்.

சாயங்காலம் கிரேஃபிரையர்ஸ்ங்கிற வேதக் கோயில் பக்கம் போனேன். அங்க பொபின்னு ஒரு நாயோட சிலை. எசமான் செத்த பிறகு 14 வருசம் அவரு குழியை விட்டு நகரலியாம். 1872ல நாய் செத்ததும் அடுத்த வருசமே சிலை வச்சுட்டாங்க. மூக்கைத் தடவுனா அதிர்ஷ்டம்னு வர்றவன் போறவன் எல்லாம் தடவி, மூக்கு மட்டும் கோயில் குத்துவிளக்கு மாதிரி பளபளக்குது. உள்ள மயானத்துல நாய்க்கும் பேரு பொறிச்ச கல்லு. அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னேன்மா. டிக்கோயா வார்லி கோயில் தோட்டத்துல தொரைமாருக்கு இதே மாதிரி கல்லுங்க இருக்கு. 1867ல லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் இந்த நாட்டுக்காரர்தான். 1852ல வந்தவரு திரும்பவே இல்ல, கண்டி மஹியாவையில பேரோட படுத்திருக்காரு. நம்ம தாத்தாவைப் பொதைச்ச எடத்தை நீங்க கைகாட்டித்தான் எனக்குத் தெரியும். எட்டாம் நம்பர் மலை, மூணாவது வரிசை, சவுக்கு மரத்துக்குக் கீழ. போன கவ்வாத்துல அந்த எடத்துத் தேயிலைச் செடியை வெட்டும்போது நீங்க செருப்பைக் கழட்டிட்டு நின்னீங்க. நான் நாயோட மூக்கைத் தடவல.

திரும்பி வர்றப்போ கடைக்காரன் மிச்சக் காசை ஸ்கொட்லாந்து நோட்டாக் குடுத்துட்டான். அங்க மூணு பேங்கு தனித்தனியா நோட்டு அடிக்குது. நியூகாசில் கடையில அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்த பார்வை இருக்கே, நான் லயத்துல உக்காந்து அடிச்ச மாதிரி!

மாசி ஒரு பொட்டலம், கோச்சிக்கா கொஞ்சம் மறக்காம அனுப்புங்க. அடுத்த மாசம் கிளாஸ்கோ போறேன். அக்கரபத்தனை கிளாஸ்கோவுல இருக்கிற பெரியம்மாகிட்ட, அங்கிருந்து ஏதாவது வேணுமான்னு கேட்டு வைங்க.

உங்கள் மகள்,
பெரியவ