ஐந்தாவது ஓட்டை

பணப்பையில் பேரப்பிள்ளை படம் வைத்திருப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கிராமப்பக்கம் போனால் வேறொரு ரகம் அகப்படும். அவர் பணப்பையைத் திறந்தால் நாலாக மடித்த ஒரு காகிதம் வெளியே வரும். அதில் ஐந்து ஓட்டைகள். நான்கு ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது மட்டும் ஒரு விரற்கடை தள்ளி, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப் போல் தனியாக நிற்கும். நாம் அதைப் பார்ப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும்.

"அதை விடுங்க. கடைத் துப்பாக்கி, அவ்வளவுதான் அடிக்கும்."

அந்த ஓட்டையை ஒழித்துக்கட்டத்தான் நம்மவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்த அளவுக்கு ஒரு ரைபிள் செய்யச் சொல்லியிருக்கிறார்.

நம்மவர் வேட்டைக்காரர் என்றதும் புலி, கரடி என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். அவருடைய எதிரி கிரவுண்ட்ஹாக். அணில் குடும்பம்தான், அணிலுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலிருந்து ஆறு கிலோ வரை தேறும். புல் வயலில் மேயும், தானியக் கொட்டகைக்கு அடியில் வளை தோண்டும். டிராக்டர் சக்கரம் அந்த வளைக்குள் இறங்கிய அன்று விவசாயியின் வாயில் நல்ல வார்த்தை வராது. குடியானவருக்குத் தொல்லை தரும் இப்படிப்பட்ட பிராணிகளுக்கெல்லாம் சேர்த்து அமெரிக்கர் வைத்திருக்கும் பெயர் வார்மின்ட். மேற்கே தெற்கு டகோட்டா, வயோமிங் பக்கம் போனால் அந்தப் பட்டம் பிரெய்ரி டாகுக்கு. பெயரில்தான் நாய், அதுவும் அணில் வம்சமே.

இதில் வேடிக்கை, இதே பென்சில்வேனியாவில் பங்ஸடானி என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2-ஆம் தேதி, உயரத் தொப்பியும் கோட்டும் போட்ட கனவான்கள் ஒரு கிரவுண்ட்ஹாகை விடியற்காலையில் மேடைக்குக் கொண்டுவந்து வானிலை கேட்பார்கள். அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். 1887 முதல் இது நடக்கிறது. பிப்ரவரியில் ஜோசியர், ஜூனில் குற்றவாளி. நம்மவரும் அன்று தொலைக்காட்சி முன் பக்தியோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: குளிர்காலம் முடிவதற்குள் துப்பாக்கி வந்துவிடுமா?

முதலில் தோட்டா தேர்வு. ஒரு குளிர்காலம் முழுக்க இதற்கே போய்விட்டது. 1935-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், நொடிக்கு 4,000 அடி வேகத்தைத் தாண்டுவது. ஆனால் பீப்பாயை வேகமாக அரித்துவிடும் என்று கெட்ட பெயர் வாங்கியது. .22-250 பல ஆண்டுகள் கைவேலைக்காரர்களின் பட்டறைகளிலேயே திரிந்துவிட்டு, 1965-இல் ரெமிங்டன் வழியாகக் கடைக்கு வந்தது. .204 ரூகர் 2004-இல் பிறந்த பிள்ளை. மூன்றில் எதை எடுத்தாலும் கிரவுண்ட்ஹாகுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. நம்மவருக்குத் தெரியும். கடைசியில் .22-250 என்று முடிவாயிற்று. உடனே அடுத்த வழக்கு: பீப்பாயின் உள்வரி, குண்டை 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றவிட வேண்டுமா, 12-க்கா, 8-க்கா? கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற வழக்கை இந்தத் துப்பாக்கிப் பிரியர்கள் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

பிறகு ஒரு பழைய ரெமிங்டன் 700 வாங்கினார். நல்ல துப்பாக்கி, சுடக்கூடியது. வாங்கிய வாரமே அதைப் பிரித்துப்போட்டு, பூட்டும் அதன் உறையும் அடங்கிய நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பீப்பாய், கட்டை, விசை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். நிலைப்படிக்காக ஒரு வீட்டை விலைக்கு வாங்கி, மீதியை இடித்துத் தள்ளுவதைப் போன்ற காரியம். "இதுதான் சிக்கனமான வழி" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியம்.

அந்த நடுப்பகுதி போய்ச் சேர்ந்த இடம் துப்பாக்கி ஆசாரியின் பட்டறை. இந்தத் தொழிலுக்கு அந்த மாநிலத்தில் பெரிய பரம்பரை உண்டு. கென்டக்கி ரைபிள் என்று உலகம் சொல்லும் நீண்ட துப்பாக்கியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்தவர்கள் பென்சில்வேனியாவின் லாங்கஸ்டர் பக்கத்து ஜெர்மானிய ஆசாரிகள்தான்; வேலை ஓர் ஊர், பெயர் வேறோர் ஊர். வில்லியம்ஸ்போர்ட் அருகே 1,000 கஜத்துக்கு அப்பால் ஒரு காகிதத்தை வைத்துச் சுடுவதற்கென்றே 1967-இல் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஆசாரி என்றால் சாமானியமா? லேத்துக்கு முன்னால் நின்று, அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆடுகிறதே என்று முகம் சுளிக்கிறவர். அவர் அதிகம் பேசுவதில்லை. நம்மவர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டுபோன விருப்பப் பட்டியலை வாங்கி, படிக்காமலே எண்ணெய்க் கையால் ஆணியில் மாட்டினார்.

"எப்ப கிடைக்கும்?"

"ஆறு மாசம்."

தையற்காரரின் "நாளைக்கு" என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருளோ, அதே பொருள்தான் இதற்கும். ஏழாவது மாதம் நம்மவர் போன் செய்தார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஆசாரி கோபித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார் என்று பயம். முதுகுவலி எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு வைத்தார். ஆசாரியும் முதுகுவலியைப் பற்றி மட்டுமே விரிவாகப் பேசினார். ஒன்பதாவது மாதமும் முதுகுவலி. பதினோராவது மாதம் ஆசாரியே தானாக, "பீப்பாய் வந்திருக்கு" என்றார். அன்று நம்மவர் வீட்டில் இனிப்பு வாங்கினார் என்று கேள்வி.

சும்மா இருக்க முடியுமா? தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கப் பழகினார். வெடிமருந்தைக் கிரெயின் கணக்கில், அதிலும் பத்தில் ஒரு கிரெயின் வரை நிறுக்க வேண்டும். அதாவது ஆறரை மில்லிகிராம். தங்கம் நிறுக்கும் குன்றிமணியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. தராசு ஆடும் என்று அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி போடக் கூடாது, கதவை அடிக்கக் கூடாது, பலமாகத் தும்மவும் கூடாது. தன் உடல் எடையை அவர் நிறுத்துப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும்.

பதினான்காவது மாதம், ஏப்ரலில் துப்பாக்கி வந்தது. 26 அங்குலத் தடித்த துருப்பிடிக்காத எஃகு பீப்பாய், கண்ணாடி இழைக் கட்டை. ஸ்கோப்போடு சேர்த்து ஆறு கிலோவை நெருங்கியது. பெரும்பாலான கிரவுண்ட்ஹாக் அதைவிட எடை குறைவு. பீப்பாய் கட்டையில் எங்கும் படக் கூடாது என்பது விதி. அதைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் இடையில் நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நம்மவர் நோட்டை இழுத்துக் காட்டினார். தபால்காரருக்கும் காட்டினார். சில ஆயிரம் டாலர் உள்ளே போன இடத்திலிருந்து ஒரு டாலர் தடையில்லாமல் திரும்பி வருவதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

புதுப் பீப்பாயைப் பழக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. ஒரு முறை சுட்டு, துடைத்து, மறுபடி ஒரு முறை சுட்டு, மறுபடி துடைத்து... அது பீப்பாய் விற்பவர்கள் கிளப்பிவிட்ட கதை, தேய்த்துத் தேய்த்தே பீப்பாய் கெட்டுப்போகும் என்று சொல்லும் எதிர்க்கட்சியும் உண்டு. நம்மவர் ஆச்சாரக் கட்சி. செம்பு கரைக்கும் அம்மோனியாத் திரவத்தின் நெடியில் சமையலறைப் பக்கம் ஒரு வாரம் யாரும் போகவில்லை.

அந்த வாரம்தான், நம்மவர் வேட்டைக்குப் போகும் பண்ணையின் சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது.

"உன் ஆளு இப்ப என் கொட்டகை வாசல்ல நிக்கிறான். வர்றியா?"

"இப்ப வர முடியாதே. பன்னிரண்டு குண்டுதான் ஆகியிருக்கு. இன்னும் எட்டு பாக்கி."

"அவன்கிட்ட சொல்லிடறேன்" என்று பண்ணைக்காரர் போனை வைத்தார்.

பழக்கம் முடிந்து, 100 கஜத்தில் காகிதம் வைத்தார். ஆசாரி சோதித்து அனுப்பியிருந்த காகிதத்தில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக, ஒரு பட்டாணி அளவுக்கு இருந்தது. நம்மவர் மூச்சடக்கிச் சுட்டார். நான்கு குண்டு பட்டாணிக்குள். ஐந்தாவது, அரை விரற்கடை தள்ளி.

கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அங்கே போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. யார்மேல் போடுவது? துப்பாக்கிக்கு ஆசாரியின் காகிதமே சாட்சி. மருந்தை நிறுத்தவர் இவர். விசை, விரல் பட்டாலே விழும். காகிதத்தைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்திருக்கும். முப்பது வருஷமாக ஏழைத் துப்பாக்கி ஒன்று சுமந்துவந்த பழி, இன்று அவர் மடியில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூனில் முதல் புல் அறுப்பு முடிந்தது. வயல் மொட்டையாக, தூரம் தெளிவாகத் தெரியும் நாள். நம்மவர் மடக்கு மேசை, மணல் பை, தூரம் அளக்கும் கருவி எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். பண்ணைக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வேலியோரம் 220 கஜத்தில் அந்தப் பெரியப்பா இரண்டு காலில் எழுந்து நின்று ஊரைப் பார்த்தது. இந்தத் தூரத்தில் ஒரு தேங்காய் அளவு பிழை இருந்தாலும் போதும், தப்பிக்காது.

சுட்டார். குண்டு எங்கோ மண்ணில் போய்ப் புதைந்தது. ஒரு சீழ்க்கைச் சத்தம். கிரவுண்ட்ஹாகை விசில் பன்றி என்றே சிலர் சொல்வார்கள். பிறகு வளை, பிறகு வெறும் வயல்.

நம்மவர் தலையை மெல்ல உயர்த்தினார். முகத்தில் பல வாரங்களாகக் காணாமல்போன நிம்மதி திரும்பிக்கொண்டிருந்தது.

"காத்து" என்றார்.

பண்ணைக்காரர் வயலின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே அவருடைய மகன் ஓட்டிய டிராக்டரின் புழுதி, சாமி முன் ஏற்றிய ஊதுபத்திப் புகைபோல நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மவர் அதற்குள் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, காற்றின் திசை காட்டும் கொடிகள் எத்தனை வாங்க வேண்டும் என்று எழுதத் தொடங்கியிருந்தார்.