பவுசுக்கு ஏது மக்கா ரன்வே?

லேய் மக்கா, வந்தாச்சா? இரி. அந்தக் கறுப்புக் கண்ணாடிய மொதல்ல கழத்து. திண்ணையில என்ன வெயிலா அடிக்கி?

மவன் பைலட்டுன்னு ஒனக்க அம்மை ஊரு பூரா சொல்லியாச்சு. நாகராஜா கோயில் நடையில வச்சு எனக்கிட்டயும் சொன்னா. நீ வாத்தியார்கிட்ட வசவு வாங்கின கதைய மட்டும் சொல்லல. அதக் கேக்கத்தானடே நான் வந்தேன்.

கண்ணுக்கு மறைப்பு மாட்டி, வெளிய ஒண்ணும் தெரியாம, முன்னால இருக்க கருவி முள்ளப் பாத்தே ஓட்டணுமாமே. அதுல ஒசரத்தையும் கோட்ட விட்டு, தெசையையும் கோட்ட விட்டியாமே. அதுக்காடே இந்த மொகம்? பக்கத்துல இருக்க வாத்தியானுக்கு மறைப்பு கெடையாதே, எதுக்கு? நீ தப்பு பண்ணுவேன்னு தெரிஞ்சுதானே இருத்தியிருக்கான். முள்ளப் பாத்து ஓட்டுற தகுதிக்கு நாப்பது மணி நேரம் முள்ளுப் படிப்பு வேணும்னு, விமானத்துக்குச் சட்டம் போடுற டிஜிசிஏ-காரன் வச்சிருக்கான். அதுல 20 மணி நேரம் வர தரையில இருக்க பொம்மை விமானத்துலயே கழிச்சுக்கிடலாம். தரையில விழுந்தா யாருக்கு வலிக்கும்?

"எனக்கு உள்ளுணர்வு சாஸ்தி பாட்டா"ன்னு போன தடவ பவுசா சொன்னியே. ஒரு சோலி செய். முடிவெட்டுற கடையில சுத்து நாற்காலி உண்டுல்லா? கண்ண மூடிக்கிட்டு இரி. ஒருத்தன் பைய, ஒரே சீரா சுத்தட்டும். ஒரு 20 செகண்டு போனா சுத்தல் நின்னுட்டுன்னு தோணும். நாற்காலி சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். அவன் நெசமாவே நிறுத்தினா, எதிர்ப்பக்கம் சுத்துதுன்னு கைப்பிடியப் பிடிப்பே. காதுக்குள்ள இருக்க தண்ணி செய்யிற வேலை அது. இதாக்கும் ஒனக்க உள்ளுணர்வு!

அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல இதச் சோதிச்சுப் பாத்திருக்கானுவ, 1954-ல. முள்ளுப் படிப்பு இல்லாத 20 பேர, மேகத்துக்குள்ள போன மாதிரி கண்ண மறைச்சு ஓட்ட விட்டானுவ. ஒருத்தனும் தேறல. சராசரி 178 செகண்டுல வண்டி கைய விட்டுப் போச்சு. ஒரு சாயா ஆத்திக் குடிக்க அதவிட நேரமாவும். பொறவு அதே பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் முள்ளப் பாத்து வண்டியத் திருப்பிக் கொண்டு வரப் படிச்சுக் குடுத்தானுவ. அநேகமா எல்லாரும் தப்பிச்சுக்கிட்டானுவ.

சரி, முள்ள நம்பிட்டா தீந்துதா? அங்கதான் இருக்கு வெனை.

1978 சனவரி ஒண்ணாந்தேதி ராத்திரி. பம்பாயில இருந்து துபாய்க்கு ஏர் இந்தியா ஜம்போ ஒண்ணு கெளம்புச்சு, பேரு எம்பரர் அசோகா. ஊரு வெளிச்சமெல்லாம் பின்னால போயிட்டு, முன்னால கடலும் வானமும் ஒரே கறுப்பு. கேப்டனுக்க முன்னால இருந்த கருவி வண்டி வலதுபக்கம் சாஞ்சிருக்குன்னு காட்டிச்சு. சாயவே இல்ல. அவர் இடதுபக்கம் திருப்பினார், திருப்பிக்கிட்டே போனார். துணை பைலட்டுக்க முன்னால சரியான கருவி இருந்துது. நடுவுலயும் ஒண்ணு இருந்துது. இன்ஜினியரு கண்டுபிடிச்சுச் சொல்லவும் செஞ்சார். ரெண்டு நிமிசம் ஆவதுக்குள்ள பாந்த்ராவுக்கு வெளிய கடல்ல விழுந்துட்டு. 213 பேர். ஒருத்தர் மிஞ்சல.

அவர் என்ன பழக்கமில்லாதவரா? வருசக்கணக்கா பறந்த ஆளு. அப்பேர்ப்பட்டவருக்கே அந்தக் கதி. நீ ஒரு முள்ளுலயே கண்ண ஒட்டி வச்சுக்கிட்டு ஒசரத்த விட்டுட்டேன்னு வாத்தியான் ஏசினா ஒனக்கு ரோசம் வருது! ஒண்ணப் பாரு, அடுத்ததப் பாரு, மூணாவதோட ஒத்துப் பாரு. அவ்வளவுதானடே அவன் தொண்டை கிழியக் கத்தினது?

நாளைக்கு ஆடிச் சாரல்ல வேளிமலையே தெரியாம மூடிக் கெடக்கையில திருவனந்தபுரத்துல எறங்க வேண்டியது வரும். அப்ப பின்னால சீட்டுல இருக்கவ ஒனக்க தோள்ல இருக்க பட்டைய எண்ணிக்கிட்டா இருப்பா?

மொதத் தடவ தனியாப் பறந்ததுக்கு வாட்ஸாப்புல ஸ்டேட்டஸ் போட்டே, கண்டேன். கொள்ளாம். கோட்ட விட்டதுக்கு ஒரு நோட்டாவது போட்டியா? இன்னைக்கே எழுது, நாளைக்குன்னா அயத்துப்போவும். எந்த முள்ளுல கண்ணு நின்னுது, எத விட்டே, வாத்தியான் எந்நேரம் கத்தினான், எல்லாம் எழுது. அவன் சொன்ன கெட்ட வார்த்தைய மட்டும் விட்டுரு. நோட்ட அம்மை எடுத்துப் பாப்பா.